முதுமைக்கு ஓர் அணை

மலையகத்தின் மேற்குச் சரிவிலே, கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் அண்மையில், பொல்பிட்டிய என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. காசல்றீப் பக்கமிருந்து இறங்கிவரும் கெஹெல்கமு ஓயாவும், மஸ்கெலியாப் பக்கமிருந்து இறங்கிவரும் மஸ்கெலி ஓயாவும் இப்பகுதியிலே ஒன்றுகூடிக் களனி கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. 1969-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சமனல மின்நிலையம் இவ்வூரிலேயே இருக்கின்றது. மேலேயுள்ள நோட்டன் பிரிட்ஜிலும் லக்சபானவிலும் மின்நிலையச் சக்கரங்களைச் சுழற்றிய அதே நீர், மீண்டும் ஒருமுறை இங்கே வந்து உழைக்கின்றது. அத்துடன் அதன் பணி முடிந்துவிடுவதுமில்லை. கீழே கித்துல்கலைப் பக்கத்தில் அண்மைக் காலத்தில் அமைந்த புரோட்லண்ட்ஸ் நிலையத்திற்கும் அது பயன்படுகின்றது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு சிறிய உண்மையின்மேல் நிற்கின்றது. மலையிலே மழை ஆண்டு முழுவதும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே வெள்ளமாகக் கொட்டுகின்றது. தைக்கும் பங்குனிக்கும் இடையிலோ ஓடைகள் மெலிந்துவிடுகின்றன. ஆனால் விளக்கு எரியவேண்டியது ஆண்டின் எல்லா இரவுகளிலுமன்றோ? ஆகவேதான் காசல்றீயிலும் மவுசாக்கலையிலும் அணைகட்டி, பெய்யுங்காலத்து நீரைத் தேக்கிவைத்து, பெய்யாக்காலத்திற்கு அளந்து திறந்துவிடுகின்றனர். மவுசாக்கலை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே இடம்பெயர வேண்டியதாயிற்று. வறட்சி கடுமையாகும் ஆண்டுகளில் நீர்மட்டம் தாழ, மூழ்கிய கோயில் வெளியே தோன்றுவதை அப்பகுதி மக்கள் நன்கறிவர்.

மனித வாழ்விற்கும் இவ்வாறே பெய்யும் பருவமும் பெய்யாப் பருவமும் உண்டு. உழைக்கும் வயதிலே வருமானம் வந்துகொண்டிருக்கும். உழைப்பு நின்றபின் அது நின்றுவிடும். ஆனால் அடுப்பு எரியவேண்டியது இரு பருவத்திலுந்தான். இந்த இடைவெளியை நிரப்பும் முறை தொழிலுக்குத் தொழில் வேறுபடுகின்றது. அரசாங்க ஊழியர் ஒருவர் ஓய்வுபெற்றால் அவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகின்றது. அவருடைய அணையைக் கட்டி, மதகைத் திறந்து, நீரை அளந்துவிடும் வேலையை அரசாங்கமே செய்துவிடுகின்றது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிக்கு அவ்வாறு மாத ஓய்வூதியம் இல்லை. முப்பது நாற்பது ஆண்டு உழைப்பின் சேமிப்பு முழுவதும் ஒரே தடவையில், ஒரே தொகையாகக் கையில் வந்து சேர்கின்றது. அந்த ஒரே தொகையை மாதாமாத வருமானமாக மாற்றும் பொறுப்பு தொழிலாளியின் தலையிலேயே விழுகின்றது. தோட்டத்து முதுமையைப் பற்றிப் பேசும்போது முதலில் உணரவேண்டிய வேறுபாடு இதுவேயாகும்.

முதுமைக்குச் சட்டப்படி ஏற்பாடு செய்தல் உலகத்திலேயே மிகப் பழைய வழக்கமன்று. ஜெர்மனியிலே பிஸ்மார்க்கின் காலத்தில், 1889-இல், தொழிலாளர்க்கான முதுமைக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. பிரித்தானியாவில் 1908-ஆம் ஆண்டுச் சட்டம் எழுபது வயதடைந்த வறியோர்க்கு ஓய்வூதியம் வழங்கியது. இந்தியாவிலே அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களுக்கெனத் தனியான சேமநிதிச் சட்டம் 1955-இல் வந்தது. இலங்கையில் 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி நிறுவப்பட்டது. அதற்குமுன், தோட்டத்திலே முதுமை என்பது பிள்ளைகளின் பொறுப்பாகவே இருந்தது. தாய் கூடையை இறக்கிவைத்தால் மகள் அதை எடுத்துக்கொள்வாள். குடும்பம் அதே லயத்தில் தொடர்ந்து வாழும். அக்காலத்துப் பாட்டன் பாட்டிமாருக்கு எதிர்காலத் திட்டம் என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை. இன்றோ மகள் கொழும்பிலே ஆடைத் தொழிற்சாலையில் இருக்கின்றாள். மகன் வெளிநாட்டிலோ, ஹட்டன் நகரத்துக் கடையிலோ இருக்கின்றான். கூடையை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆளில்லை. பழைய வழக்கம் மறைந்துவிட்டது. அதன் இடத்திலே புதிய வழக்கம் ஒன்று இன்னும் உறுதியாக உருவாகவில்லை.

இனி, தொழிலாளிக்குரிய சேமிப்புகள் யாவை என்பதை முறையாக நோக்குவோம். அவை மூன்று.

முதலாவது, ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொடுப்போர் தம் பங்காக நூற்றுக்கு 12 வீதமும் இந்நிதிக்குச் செலுத்தப்படுகின்றன. தொழில் திணைக்களம் இதனை நிர்வகிக்கின்றது. பணத்தைப் பேணி முதலீடு செய்வது மத்திய வங்கியின் பொறுப்பு. இரண்டாவது, 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். இதற்குத் தொழிலாளி எதுவும் செலுத்துவதில்லை. தொழில் கொடுப்போர் மாத்திரம் நூற்றுக்கு 3 வீதம் செலுத்துகின்றனர். மூன்றாவது, 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி வழங்கப்படும் பணிக்கொடை. பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனத்தில் குறைந்தது ஐந்தாண்டு சேவை செய்தவர் இதற்கு உரித்துடையவர். நாட்சம்பளம் பெறுவோருக்கு, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டிற்கும் 14 நாட்சம்பளம் என்ற கணக்கிலே, இறுதியாகப் பெற்ற சம்பளத்தைக் கொண்டு இது கணிக்கப்படும். வேலையிலிருந்து விலகிய 30 நாட்களுக்குள் இது கொடுபடவேண்டும் என்பது சட்டம்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் கொள்வோம். 2021-ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் சம்பளம் உயர்ந்துள்ளதெனினும், கணக்கின் எளிமைக்காக அந்த ஆயிரத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் இருபது நாள் வேலை செய்யும் பெண்ணொருத்தியின் சம்பளம் 20,000 ரூபாய். சேமலாப நிதிக்கு அவள் பங்கு 1,600, தோட்டத்தின் பங்கு 2,400, ஆக மாதம் 4,000 ரூபாய். முப்பது ஆண்டில் இது, வட்டி நீங்கலாக, 14 இலட்சத்து 40 ஆயிரம் ஆகின்றது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் மாதம் 600 வீதம் 2 இலட்சத்து 16 ஆயிரம். பணிக்கொடை 4 இலட்சத்து 20 ஆயிரம். மூன்றும் சேர்ந்து 20 இலட்சத்து 76 ஆயிரம் ரூபாய். சென்ற காலத்தில் சம்பளம் இதனினும் மிகக் குறைவாயிருந்தமையால், இன்று ஓய்வுபெறுவோரின் உண்மைத் தொகை வேறுபடும். ஆயினும் கணக்கின் போக்கு ஒன்றே.

இருபது இலட்சம் என்ற சொல்லைக் கேட்கும்போது பெருஞ்செல்வமாகத் தோன்றும். தன் வாழ்நாளில் ஒருபோதும் ஒரே சமயத்தில் ஓர் இலட்சத்தைக் கண்டிராதவளுக்கு அது மலையளவாகவே தோன்றுதல் இயல்பு. ஆனால் அந்த மலையை மாதங்களால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும், ஆண்கள் 55 வயதிலும் பெற்றுக்கொள்ளலாம் என்பது விதி. இலங்கைப் பெண்களின் சராசரி ஆயுளோ எண்பது ஆண்டுகளை அண்மித்துள்ளது. ஐம்பதில் வேலையை விட்டவளுக்கு எண்பது வரையில் முப்பது ஆண்டுகள், அதாவது 360 மாதங்கள் இருக்கின்றன. 20 இலட்சத்து 76 ஆயிரத்தை 360-ஆல் வகுத்தால் மாதத்திற்குக் கிடைப்பது 6,000 ரூபாய்க்கும் குறைவு. உழைத்த ஆண்டுகள் முப்பது. உழையாது உண்ணவேண்டிய ஆண்டுகளும் முப்பது. இக்கணக்கை ஓய்வுபெறும் நாளுக்கு முன்னரே வீட்டில் ஒருமுறை போட்டுப்பார்த்தவர் எத்தனை பேர்?

அதே பெண் ஐம்பதில் நிற்காமல் அறுபது வரையில் தொடர்ந்து வேலை செய்தால் என்னவாகும் என்பதையும் பார்ப்போம். நாற்பதாண்டுச் சேவைக்குச் சேமலாப நிதி 19 இலட்சத்து 20 ஆயிரம். நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் 2 இலட்சத்து 88 ஆயிரம். பணிக்கொடை 5 இலட்சத்து 60 ஆயிரம். ஆக 27 இலட்சத்து 68 ஆயிரம். அறுபதிலிருந்து எண்பது வரையில் 240 மாதங்கள். மாதத்திற்கு 11,500 ரூபாய்க்குச் சற்று மேல். முன்னைய தொகையின் ஏறத்தாழ இருமடங்கு! சேமிப்பு வளர்வதும், அதைப் பங்கிடவேண்டிய மாதங்கள் குறைவதும் ஒருங்கே நிகழ்வதால் வரும் பயன் இது. 2021-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தனியார் துறை நிறுவனங்களில் ஓய்வுபெறும் குறைந்த வயதை 60 ஆக ஆக்கியுள்ளது. அச்சட்டம் வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தோர்க்கு வயதுக்கேற்பப் படிமுறையான ஏற்பாடு உண்டு. ஐம்பது வயது வந்துவிட்டதென்ற ஒரே காரணத்திற்காக எவரும் வேலையை விடவேண்டியதில்லை.

ஆயினும், செங்குத்தான மலையிலே மழையிலும் குளிரிலும் கூடை சுமந்த உடல் அறுபது வரையில் தாங்குமா என்ற கேள்வி நியாயமானதே. இதற்கு ஒரே விடை எல்லோர்க்கும் பொருந்தாது. முழங்கால் தேய்ந்தவளை மலையேறு என்று சொல்லுதல் அறமன்று. ஆனால், உடல் இடங்கொடுக்கும் நிலையிலும், கைக்குப் பணம் வரும் என்ற அவசரத்தால் மாத்திரம் வேலையை விடுதல் வேறு. பணம் எதற்காக உடனே தேவைப்படுகின்றது என்று கேட்டால், பெரும்பாலும் அது அவளுடைய தேவையாக இராது. மகளின் கலியாணம், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவருக்குக் கொடுக்கவேண்டிய தொகை, குடும்பத்தின் பழைய கடன், வீட்டுக்கூரை. இவை யாவும் வேண்டாதவை என்று எவரும் சொல்லார். தாயின் அன்பு கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லாவற்றையும் கொடுத்து முடித்த தாய், அடுத்த ஆண்டு மருந்து வாங்க நூறு ரூபாய்க்காக மருமகளின் முகத்தைப் பார்த்து நிற்கும் நிலையும் அந்த வீட்டிலேயே நிகழ்கின்றது. அவ்வேளையில் பணத்தோடு அவளுடைய சொல்லுக்கிருந்த மதிப்பும் வீட்டைவிட்டுப் போய்விடுகின்றது. இது பிள்ளைகளின் தீயகுணத்தால் வருவதென்று கொள்ளலாகாது. அவர்களும் அன்றாடச் சம்பளத்தில் வாழ்பவர்களே; கொடுக்க மனமிருந்தும் கையில் இல்லாதவர்களே.

ஆதலால், பணம் கைக்கு வருமுன்னரே அதனைப் பங்கிட்டு முடித்துவிடுதல் நன்று. வந்தபின் பங்கிட முனைந்தால், அவரவர் தேவையின் குரலே ஓங்கி ஒலிக்கும். ஒய்வுக்கு ஓர் ஆண்டு முன்பே குடும்பத்தார் கூடியிருந்து, நான்கு பகுதிகளாகப் பிரித்து எழுதிவைத்தல் ஒரு நல்ல முறை. ஒரு பகுதி, மாதந்தோறும் வட்டி தரும் நிலையான வைப்புக்கு. ஒரு பகுதி, நோய்க்கும் எதிர்பாராச் செலவுக்கும் உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில். ஒரு பகுதி, வீட்டுக்கும் நிலத்துக்கும், அல்லது பசு, மரக்கறித் தோட்டம் போன்ற சிறு வருவாய் தரும் முதலுக்கும். எஞ்சிய பகுதியே பிள்ளைகளுக்கு. கொடுப்பதற்கு எல்லை வகுத்தலால் அன்பு குறைவதில்லை. கையில் எஞ்சியிருப்பதனாலேயே பின்னரும் பேரப்பிள்ளைக்கு ஒரு புத்தகமாவது வாங்கிக்கொடுக்க இயலும்.

பணத்தை எங்கே வைப்பது என்பதிலும் விழிப்பு வேண்டும். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் உண்டு. அதற்கு மாறாக, சில மாதங்களில் பணம் இரட்டிக்கும் என்றும், இன்னும் நால்வரைச் சேர்த்துவிட்டால் இலாபம் வரும் என்றும் சொல்லி வருவோரிடம் ஒரு சதமும் கொடுத்தலாகாது. அத்தகைய பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. அதே சமயத்தில், எல்லாவற்றையும் பணமாகவே வைத்திருத்தலிலும் ஆபத்து உண்டு. 2022-ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி முன்னைய ஆண்டினும் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதம் உயர்ந்திருந்தது. முந்திய ஆண்டு நூறு ரூபாய்க்குக் கிடைத்த பொருளுக்கு நூற்றெழுபது ரூபாய் வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அருகே கறிவேப்பிலையும், மரவள்ளியும், கோழியும் வைத்திருந்தோர் அந்த ஆண்டைச் சற்று எளிதாகக் கடந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

வேலையிலிருக்கும்போதே சேமலாப நிதியின் ஒரு பகுதியைப் பெறுவதற்கும் வழியுண்டு. குறைந்தது பத்தாண்டு பங்களித்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத மீதியுடையோர், வீட்டுத் தேவைக்கோ மருத்துவச் சிகிச்சைக்கோ நூற்றுக்கு 30 வீதம் வரையில் பெறலாம். இது தேக்கத்தின் மதகை முன்கூட்டியே திறப்பதாகும்; தக்க காரணமின்றித் திறப்பது பின்னர்ப் பஞ்சத்தை வருவிக்கும். திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண்கள் தம் நிதியை முழுவதும் பெற்றுக்கொள்ளவும் சட்டம் இடமளிக்கின்றது. இருபத்திரண்டு வயதில் அவ்வாறு பெற்றுச் செலவழித்தவள் பின்னர் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தால், வெறுங்கணக்கிலிருந்தே தொடங்கவேண்டியவளாகின்றாள். இளமையில் இட்ட பணமே நீண்டகாலம் வட்டியோடு வளர்வது என்பதை அப்பெண்களுக்கு எடுத்துச் சொல்லுதல் பெற்றோரின் கடன்.

அடுத்து ஆவணங்கள். மலையகத்தில் ஆவணம் என்ற சொல்லுக்கு ஒரு நீண்ட சோகவரலாறு உண்டு. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் பெருந்தொகையான தோட்ட மக்கள் நாடற்றவராயினர். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களைக் கடலுக்கு இப்பாலும் அப்பாலுமாகப் பிரித்தது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்ப்பதற்கு 2003-ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அந்த இடர்கள் கடந்துவிட்டன. எனினும் பெயர்ப்பிழை என்னும் சிறு இடர் இன்றும் பலருடைய சேமிப்பைத் தடுத்து நிறுத்துகின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். தோட்டத்துச் செக்ரோலில் வேறொரு பெயர். அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துமுறை. வீட்டில் ‘பாப்பாத்தி’ என்று அழைத்ததைப் பேர் போட்ட நாளில் எழுதிக்கொண்டார்கள். சான்றிதழிலோ வேறு பெயர். வேலை செய்யும் காலமெல்லாம் இதனால் ஒரு தொல்லையுமில்லை. பணம் பெறச் செல்லும் நாளிலேதான், இவள்தான் அவள் என்று நிறுவவேண்டிய வேலை தொடங்குகின்றது.

இதற்கு மருந்து காலத்தோடு செய்தலே. நாற்பத்தைந்து வயதிலேயே பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சேமலாப நிதி உறுப்பினர் எண் ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்பிப் பெயரும் பிறந்த திகதியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிடல் வேண்டும். ஒவ்வாதிருப்பின் தோட்ட அலுவலகம், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், தொழில் அலுவலகம் என முறையே சென்று திருத்துவதற்குப் போதிய ஆண்டுகள் இருக்கும். தமக்குப்பின் பணம் பெறவேண்டியவர் யார் என்பதையும், அதாவது பின்னுரித்தாளரையும், பதிவு செய்தல் வேண்டும். திருமணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்தவர் பின்னர் அதை மாற்ற மறந்துவிட்டாரா என்பதையும் சரிபார்த்தல் நன்று. ஆண்டுதோறும் கணக்கு மீதியைக் கேட்டறிந்து குறித்துவைப்போர், தவணை எங்கேனும் தவறியிருந்தால் உடனே கண்டுகொள்வர். எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு, பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை செய்யக்கூடிய முதல் உதவி இதுவாகும்.

மூன்றாவதாக, கூரை. தோட்டக் காணிகள் 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளால் நிர்வகிக்கப்பட்டு வருகின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பறாவில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும், அது அக்குடும்பத்தின் சொத்தாவதில்லை. வேலை நின்றபின் அந்தக் காம்பறாவில் தமக்குள்ள உரிமை யாதென்ற அச்சம் முதியோரை வாட்டுகின்றது. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் காணி உறுதியும் வழங்கும் திட்டங்கள் நடைபெற்றுள்ளன. இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017-இல் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. இத்தகைய வாய்ப்பு வரும்போது கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதியைப் பெற முயலுதல் அறிவுடைமை. புதுவீடு கட்டுவோர், தம் முழங்காலின் எதிர்காலத்தையும் எண்ணிப் பார்க்கலாம். கழிப்பறை வீட்டோடு இருத்தல், வாசலில் படி குறைதல், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருத்தல் ஆகியவை கட்டும்போது சிறு செலவு. விழுந்தபின் செய்வதோ பெருஞ்செலவு.

நான்காவது, உடல். பணத்தைத் தேக்குவதுபோல் உடல்வலியையும் தேக்கிவைத்தல் வேண்டும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் வலியின்றி வருவன. வலி தோன்றும்போது இருதயமோ, சிறுநீரகமோ, கண்ணோ பழுதுபட்டிருக்கும். அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் இவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் தோட்டங்களில் பரவலாக உள்ளது. குளிருக்கு இதமென்று வாயில் அடக்கும் அந்தப் புகையிலையே வாய்ப்புற்றுநோய்க்கு முதற்காரணம். வாயில் ஆறாத வெண்படையோ புண்ணோ இருப்பின் தாமதியாது காட்டவேண்டும். கண்புரைக்கான வில்லை, இருதய சத்திரசிகிச்சை முதலியவற்றின் செலவுக்கு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் தன் உறுப்பினர்க்கு உதவியளிக்கின்றது. இவ்வுதவிகள் வேலையிலிருப்போர்க்கு உரியவை ஆகையால், செய்யவேண்டிய சிகிச்சையை ஓய்வுக்குப்பின் என்று ஒத்திப்போடாமல் முன்னரே விசாரித்தல் நலம்.

பணமும் பத்திரமும் கூரையும் உடலும் அமைந்தபின்னும் ஒன்று எஞ்சுகின்றது. விடியற்காலையில் பிரட்டுக்களத்திற்குப் போன பழக்கம் நின்றபின், அந்தக் காலைவேளையில் என்ன செய்வது? முப்பதாண்டு கூட்டமாக மலையேறியவள் திடீரெனத் தனியே லயத்தில் இருத்தல் எளிதன்று. மனச்சோர்வு நோயாகும் இடம் இதுவே. கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் முதியோர் சங்கங்கள் அமைக்க ஏற்பாடு உண்டு. மரண உதவிச் சங்கம், கோயில் பரிபாலனம், பாலர் பராமரிப்பு நிலையம் ஆகியவற்றிலும் முதிர்ந்த கைகளுக்கு வேலை நிறைய இருக்கின்றது. கொழுந்தின் தரத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிந்தவளின் அறிவு கூடையை இறக்கிய அன்றே அழிந்துவிடுவதில்லை. சிறுதோட்டம் வைத்திருப்போர்க்கு அது பெரிதும் வேண்டியதே.

இந்த மலைகளின் மின்சாரத்திற்கே முதுமையின் உழைப்பு ஒன்று பின்னணியாக உள்ளது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-ஆம் ஆண்டிலேயே நீர்மின்சாரத்தின் அவசியத்தை ஒரு கட்டுரையால் எடுத்துரைத்தார். தொடங்கிய வேலை இடையில் நின்றுபோயிற்று. அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் அவர் வீட்டில் அமைந்திருக்கவில்லை. 1931-இல் இரத்தினபுரித் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்று, அத்திட்டத்திற்காகத் தொடர்ந்து வாதாடினார். லக்சபானவில் மின்சாரம் பிறந்தது 1950-இல். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. மூன்றாண்டுகளின்பின் அவர் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய மின்நிலையத்தைக் கடந்த நீரும் இறுதியில் பொல்பிட்டிய வழியாகவே இறங்குகின்றது.

எத்துணை திட்டமிட்டாலும் சிலர் கைவிடப்படுதலும் உண்டு. அவர்களுக்காக 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. பெற்றோரைப் பராமரிக்கும் கடமை பிள்ளைகளுக்கு உண்டென்று அது கூறுகின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெறுவதற்கு அச்சட்டத்தின்கீழ் அமைந்த சபையிடம் முறையிடலாம். அறுபது வயதானோர் பிரதேச செயலகம் வாயிலாக முதியோர் அடையாள அட்டையையும் பெற்றுக்கொள்ளலாம். இச்சட்டத்தின் துணையை நாடும் நிலை எவருக்கும் வாராதிருக்கட்டும். ஆனால் அது இருப்பதை அறிந்திருத்தல் நலம்.

இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் 1981-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 6.6 வீதமாக இருந்தனர், 2012-இல் 12.4 வீதமாயினர். நாடு முழுவதுமே முதுமையை நோக்கி நடக்கின்றது. ஆகவே இன்று நாற்பது வயதில் கொழுந்தெடுக்கும் ஒருத்திக்குச் சொல்லவேண்டியவை இவையே: நாற்பத்தைந்தில் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள், ஆண்டுதோறும் கணக்கைக் கேளுங்கள், ஐம்பதில் வேலையை விடுமுன் மீதமுள்ள மாதங்களை எண்ணிப் பாருங்கள், பணம் வருமுன் குடும்பத்தோடு அமர்ந்து பங்கை எழுதிவையுங்கள், உங்கள் பங்கை முதலில் எழுதுங்கள். மழை பெய்யும் மாதத்தில் மவுசாக்கலையின் மதகை முழுவதும் திறந்துவிடுவார் எவருமில்லை. அடுத்து வரும் பங்குனியை அவர்கள் அப்போதே நினைக்கின்றார்கள்.